தலைக்குள் இருக்கும் கறுப்பு

உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்கு வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் வரும். பாத்தியில் நிற்கும் தண்ணீரும் அடியில் பூத்துக் கிடக்கும் உப்பும் வெளிச்சத்தை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும். அதனால் எங்களுக்கு மோவாய்க்கு அடியிலும் கறுப்பு, மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் கறுப்பு. ஏர் ஓட்டுகிறவரையும் உப்பு வாருகிறவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னால், யார் எந்த வேலை என்று சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வரும் போட்டோக்காரர், "மாப்ள, கொஞ்சம் சிரிங்க, நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியல" என்பார். நாங்களும் சிரிப்போம்.

எனவே 2005ஆம் வருஷம் பங்குனியில் என் இடது முன்கையில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தபோது, காய்ந்த உப்பு ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். துடைத்தேன். மறுநாளும் இருந்தது. நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். நாலாம் நாள் நாக்கில் தொட்டுப் பார்த்தேன். உப்புக் கரிக்கவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

மூன்று மாதம் முன்னால் சுனாமி அலை கழிமுகம் வழியாக ஏறி வந்து பாத்திகளில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. சேறு வாரி, தரையை மறுபடி மிதித்து, சீசனே தள்ளிப்போயிருந்தது. அந்தச் சேற்றில் ஏதோ இருந்திருக்கிறது, என்னைப் பிடித்துக்கொண்டது என்று நானாக முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கே, பாதி வறுமை காரணம், பாதி வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பாரே என்ற பயம் காரணம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வீட்டில் எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கிக்கொண்டேன். என் மனைவி ரெண்டு நாள் பார்த்துவிட்டு, "இன்னா, பாத்தரத்துக்கும் உனக்கும் சண்டையா?" என்று கேட்டு, சட்டைக் கையைத் தானே தூக்கிப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவள் சொன்னது, "இதுக்கா இவ்ளோ? நான் முகத்துல பூசிப் பூசி வராத வெளுப்பு, உனக்குச் சும்மா வந்திருக்குது." சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். ஆனால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை விடவில்லை.

இதற்கு நடுவில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்காரர். உப்பளத்தில் இருவர் இருவராகத்தான் பாத்திகளைக் கொடுப்பார்கள். நானும் மாமாவும் பதினேழு வருஷமாக ஜோடி. பதினாறு பாத்தி எங்கள் பொறுப்பு. பேச்செல்லாம் அவருடையது, தலையாட்டல் என்னுடையது. அந்த வருஷம் அவருடைய வலது கை ஆட ஆரம்பித்திருந்தது. பலகையைப் பிடித்து உப்பை இழுக்கும்போது ஆடாது. வரப்பில் உட்கார்ந்து கையை மடியில் வைத்தால் போதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுவதுபோல ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். வலது காலும் இழுத்தது. பாத்தித் தரையை ஈரத்தில் காலால் மிதித்துத்தான் கெட்டியாக்குவோம். எல்லோர் கால் தடமும் வட்டமாகப் பதியும்போது, மாமாவின் வலது கால் மட்டும் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும். அந்தக் கோட்டில் தண்ணீர் கசியும்.

மாமா ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். எட்டு வருஷம் முன்னால் விட்டுவிட்டார். விட்டதை யார் நம்பினார்கள்? முதலாளி வரப்பில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். "இல்லீங்க" என்றார் மாமா. அப்போதும் அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. முதலாளி, "இப்படியே போனா அடுத்த சீசனுக்கு வேற ஜோடிதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தினமும் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி அவர் வாயை முகர்ந்து பார்த்தாள். "ஊது" என்பாள். அவர் ஊதுவார். "ஒண்ணும் இல்லியே" என்று அக்கா ஏமாந்துபோனவள் மாதிரி சொல்வாள். மாமா அதையும் எங்களிடம் சொல்லிக் கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்போம். அவர் முகம் மட்டும் சிரிக்காது. அதை நான் கவனித்தேன், ஆனால் என்னவென்று தெரியவில்லை.

பாண்டிச்சேரிக்குக் கடற்கரை ரோட்டு பஸ்ஸில் போனேன். பெரிய முதலியார்சாவடியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஏறி எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெயிலில் கிடந்து, கழுத்தெல்லாம் இறால் மாதிரி சிவந்து தோல் உரிந்திருந்தது. அவர்கள் கறுக்க ஆசைப்படுகிறார்கள், என் மனைவி வெளுக்க ஆசைப்படுகிறாள், நான் இருக்கிற இடத்தில் இருக்க ஆசைப்படுகிறேன், யாருக்கும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தோல் டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகள் வயதிருக்கும். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உப்பாலயும் வரல, சேத்தாலயும் வரல. யாருக்கும் ஒட்டாது. தட்டைத் தனியா வெச்சிருந்தா இன்னைக்கே எடுத்து உள்ள வைங்க" என்றார். எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். பிறகு என் ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"தோலோட அடி வரிசையில அங்கங்க சில செல் இருக்குதுங்க. கறுப்பு செய்யறதுதான் அதுங்க வேலை. அந்தக் கறுப்புக்கு மெலனின்னு பேரு. செஞ்சு தானே வெச்சுக்காது. விரல் விரலா நீட்டி, சுத்தி இருக்கிற முப்பது நாப்பது செல்லுக்குப் பொட்டலம் போட்டுக் கொடுக்கும். வாங்கின செல் அதை எங்க வெச்சுக்கும் தெரியுமா? உள்ள விதை மாதிரி ஒண்ணு இருக்குதில்ல, அதுக்கு மேல, வெயில் வர்ற பக்கம் பாத்து, குடை பிடிச்ச மாதிரி வெச்சுக்கும்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் மேல் இத்தனை லட்சம் குடை விரிந்திருக்கிறது, நான் பாட்டுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"உங்களுக்கும் எனக்கும் வெள்ளைக்காரங்களுக்கும் இந்தச் செல் ஏறக்குறைய ஒரே கணக்குலதான் இருக்குது. எவ்ளோ செய்யுது, என்ன மாதிரி செய்யுதுங்கறதுலதான் வித்தியாசம். உங்க கையில இந்த எடத்துல மட்டும், உடம்போட காவல்காரனே அந்தச் செல்லைத் திருடன்னு நெனைச்சு அடிச்சிட்டான். ஆனா முடி வேர்ல கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும். மருந்தைத் தடவி, காலையில கொஞ்ச நேரம், நான் சொல்ற அளவுக்கு மட்டும் வெயில் காட்டுங்க. அதுங்க மெதுவா வெளிய வரும்."

எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. பஸ்ஸிலிருந்தே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. "இது தலைக்குள்ள ஏறுமாங்க?"

அவர் சிரித்தார். "ஏறாது. ஆனா தலைக்குள்ளயும் கறுப்பு இருக்குது, தெரியுமா? மூளைக்கு அடியில, தண்டுல, ரெண்டு பக்கமும் பட்டையா. பொறக்கும்போது இருக்காது, வயசாக ஆக சேரும். தோலே வெளுத்துப் பொறக்கிறவங்களுக்குக்கூட அது கறுப்புதான்."

"வெள்ளைக்காரங்களுக்குமா?"

"அவங்களுக்கும்தான். அந்தச் செல்லெல்லாம் செத்துக் கறுப்பு வெளுத்துப்போச்சுன்னாதான் கஷ்டம். கை சும்மா இருக்கும்போது ஆடும், கால் இழுக்கும், முகத்துல சிரிப்பு வராது. சில பேருக்கு அதுக்கெல்லாம் முன்னாடியே மூக்குல வாசனை தெரியாமப் போயிடும்."

சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கேட்க வேண்டியது வாய்வரை வந்தது. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு அம்மா என் முதுகை இடித்து, "நகருப்பா" என்றார். நான் நகர்ந்துவிட்டேன். வெட்கப்படுகிறவன் செய்கிற தப்பெல்லாம் இப்படி நகர்ந்துபோவதில்தான் தொடங்குகிறது.

பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். கை, கால், சிரிக்காத முகம். மூக்கு? முந்தின ஐப்பசியில் மாமாவின் கட்டிலுக்கு அடியில் எலி ஒன்று செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டார்கள். அவர் மூன்று நாளாக அதன் மேல்தான் படுத்துத் தூங்கியிருந்தார்.

மறுநாள் வரப்பில் கஞ்சி குடிக்கும்போது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். என் கையையும் காட்டினேன். அவர் உற்றுக் கேட்டார்.

"அப்ப எனக்கு மண்டைக்குள்ள வெளுத்துப்போச்சுன்ற?"

"அப்படித்தான் தோணுது மாமா."

"உனக்கு வெளுத்ததுக்கு இன்னா வைத்தியம் சொன்னாங்க?"

"மருந்து தடவி வெயில் காட்டச் சொன்னாங்க."

"அப்ப எனக்கும் வெயில்தான்டா மச்சான்."

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எங்கள் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். கறுப்பு என்றால் வெயிலில் வருவது. எங்களுக்குத் தெரிந்த கறுப்பெல்லாம் அப்படி வந்ததுதான். கணக்கும் போட்டோம். தோலுக்குப் பத்து நிமிஷம் என்றால், மண்டை ஓடு தாண்டி, மூளை தாண்டி, அடித்தண்டுவரை வெயில் இறங்க ஒரு மணி நேரமாவது வேண்டாமா? தலைமுடி வேறு தடுக்கும். மாமா மொட்டை போட்டுக்கொண்டார். மயிலத்து முருகனுக்கு வேண்டுதல் என்று அக்காவிடம் சொன்னோம். "எங்கிட்ட சொல்லாம இன்னா வேண்டுதல்?" என்று கேட்டாள். "உன்கிட்ட இருந்து காப்பாத்தணும்னுதான்" என்றார் மாமா. முகம் அசையவில்லை.

சித்திரை வெயில். நடுமத்தியானத்தில் எல்லோரும் கீற்றுக் கொட்டகைக்குள் ஒதுங்கும்போது, மாமா மட்டும் வெறும் மொட்டையோடு வரப்பில் குனிந்து உட்காருவார். நான் கொட்டகைக்குள்ளிருந்து நேரம் பார்ப்பேன். "போதும் மாமா" என்றால், "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்டா" என்பார். முதல் வாரம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். இரண்டாவது வாரம் மண்டைத் தோல் உரிந்தது. அதை நாங்கள் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டோம். மூன்றாவது வாரம் ஒரு நாள் எழுந்து நின்றவர், அப்படியே முகம் குப்புற பாத்தித் தண்ணீரில் விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். மூக்கு, கண், வாயெல்லாம் உப்புக் குழம்பு. அவர் முதலில் சொன்னது, "பூத்த உப்பைக் கலக்கிட்டேனாடா?" என்பதுதான். சுற்றி நின்றவர்கள் வேறு சொன்னார்கள். "பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டான்." சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விட்டது. அவர் மாமாவிடம் பேசவில்லை, என்னிடம்தான் சொன்னார். "தை மாசம் பாத்தி மிதிக்கும்போது நானே வந்து நிப்பேன். அன்னைக்குத் தள்ளாடினான்னா அத்தோட சரி. உனக்கு வேற ஜோடி போட்டுடறேன்." நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அவர் ஏன் விழுந்தார் என்று சொல்லவில்லை. விழ வைத்தவன் நான்.

அடுத்த வாரம் மாமாவையும் அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் மொட்டையின் காரணத்தைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெயில் மண்டை ஓட்டுக்குள்ள போகாதுங்க. போனாலும் அது வெயிலுக்கு வர்ற கறுப்பு இல்ல. அடுப்பு எரிய எரிய பானையில கரி பிடிக்குதில்ல? அந்த மாதிரி, வேலை செய்யச் செய்யச் சேர்ற கறுப்பு. அங்க அடுப்பு அணைஞ்சுக்கிட்டு இருக்குது. நீங்க பானையில கரியப் பூசிட்டு, சோறு வேகும்னு உக்காந்திருக்கீங்க."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கரி பூசினவன் இவன்தாங்க. நான் வெறும் பானை."

அதே கட்டடத்தின் மாடியில் இருந்த மூளை டாக்டரிடம் அனுப்பினார். அவர் மாமாவை விரல் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பேர் எழுதச் சொன்னார். முதல் எழுத்து ஒழுங்காக இருந்தது, கடைசி எழுத்து எறும்பு மாதிரி சுருங்கியிருந்தது. நடுக்குவாதம் என்றார். குணமாகாது, ஆனால் மாத்திரை போட்டால் ஆள் நடமாடலாம் என்றார். கால் தரையில் ஒட்டிக்கொண்டால் பதறாமல், பக்கத்தில் யாராவது ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினால் கால் கிளம்பும் என்றும் சொன்னார்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் திரும்ப வந்தோம். அதில் என்ன இருக்கிறது என்று இந்தத் தடவை நானே கேட்டேன்.

"டோபான்னு ஒரு சரக்கு. உங்க தோல்ல இருக்கிற செல்லும் முதல்ல இதைத்தான் செய்யுது. அதை இன்னும் கொஞ்சம் மாத்தி மாத்தி மெலனின் ஆக்குது. மூளையில அதே டோபா வேற பக்கம் திரும்பி, கை காலுக்குப் போற உத்தரவா மாறுது. அவருக்கு அந்த உத்தரவு பத்தல. அதான் வெளிய இருந்து கொடுக்கறோம்."

"ஒரே தண்ணி ரெண்டு பாத்திக்குப் போவுது" என்றார் மாமா. பிறகு மாத்திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "அப்ப இதுல பாதிய இவன் கையில தேச்சா?"

"ரெண்டு பேரும் தனித்தனி பஸ்ல போங்க" என்றார் டாக்டரம்மா.

ஆடி, ஆவணி போனது. மாத்திரை மாமாவுக்குக் கேட்டது. கை ஆட்டம் குறைந்தது, கால் பாதி நேரம் ஒழுங்காக நடந்தது, ஒரு நாள் என்னைப் பார்த்து நிஜமாகவே சிரித்தார். என் கையிலும் வெள்ளைக்கு நடுவில், ஒவ்வொரு முடி முளைத்த இடத்திலும் கடுகு மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். அழுதாள். பிறகு, எட்டு மாதம் வாயை முகர்ந்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதாள். ஆனால் முதலாளியிடம் சொல்ல மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"மூளையில கோளாறுன்னு சொன்னா இன்னா சொல்லுவான்? பைத்தியம்னுவான். பைத்தியத்துக்கு எவன்டா பாத்தி கொடுப்பான்? குடிகாரன்னே இருந்துட்டுப் போறேன். குடிகாரனாச்சும் ஒரு நாள் திருந்துவான்."

2006 தை. மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, எங்கள் முதல் பாத்தியில் இறங்கினோம். பக்கத்துப் பாத்தி ஆட்களும் கூட நின்றார்கள். இந்த ஒரு வேலைக்கு எல்லோரும் எல்லோருக்கும் ஒத்தாசை. தோளோடு தோள் ஒட்டி நின்று, குதிகாலை ஊன்றி, அங்குலம் அங்குலமாக மிதித்துப் பின்னால் போக வேண்டும். முதலாளி மொபெட்டை நிறுத்திவிட்டு வரப்பில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் மாமாவின் கால் ஒட்டிக்கொண்டது. வரிசை நகர்ந்துவிட்டது, அவர் மட்டும் நட்டுவைத்த கழி மாதிரி நின்றார். நெற்றியில் வியர்வை. மெதுவாக வலது பக்கம் சாய்ந்தார்.

"காலையிலயேவாப்பா?" என்றார் முதலாளி.

யாரோ சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்தார், சொல்லாதே என்று. நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். இருபது பேர் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வார்த்தை வந்தது.

"அவர் குடிக்கலீங்க. தலைக்குள்ள கறுப்பு போயிடுச்சு."

"இன்னாது?"

"எல்லாருக்கும் தலைக்குள்ள கறுப்பு இருக்குதுங்க. உங்களுக்கும் இருக்குது. அது இருக்கிற செல்தான் காலை எடு, கையை நிறுத்துன்னு உத்தரவு போடுது. அவருக்கு அது கொறைஞ்சுபோச்சு. குடிகாரன் கை, பொருளை எடுக்கப் போனா ஆடும். இவருக்குச் சும்மா இருந்தாதான் ஆடும். பலகையைக் கொடுத்துப் பாருங்க, ஆடாது."

"யார்றா உனக்கு இதெல்லாம் சொன்னது?"

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினேன். பத்து மாதமாக, மாமாவைத் தவிர உப்பளத்தில் யாருக்கும் காட்டாத கை. வெள்ளையும் அதில் பழுப்புப் புள்ளிகளும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. பக்கத்தில் நின்றவர் ஒரு அடி தள்ளி நின்றார். "ஒட்டாதுங்க. இதுக்குப் போன எடத்துலதான் அவருக்கும் கண்டுபிடிச்சாங்க. போன வருஷம் அவர் விழுந்தது என்னாலதான். நான்தான் தப்பா வெயில்ல உக்கார வெச்சேன்."

முதலாளி மாமாவைப் பார்த்தார். "சரி. அதெல்லாம் இருக்கட்டும். மிதிப்பானா மாட்டானா?"

"மிதிப்பார்" என்றேன். மாமா பக்கத்தில் போய் நின்று, "ஒண்ணு" என்றேன். சத்தம் வரவில்லை. "உங்க மாமா காதுக்கே கேக்கலய்யா" என்றாள் வரிசையில் ஒருத்தி. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "ஒண்ணு!" மாமாவின் கால் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. "ரெண்டு!" அடுத்த கால். பத்து வரும்போது வரிசையைப் பிடித்துவிட்டார். முப்பது வரும்போது மற்றவர்களும் என்னோடு சேர்ந்து எண்ணினார்கள், பாதி கிண்டலாக, பாதி நிஜமாக. பாத்தி முடிகிறவரை நான் நிறுத்தவில்லை.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வரப்போரமாக நடந்து தரையைப் பார்த்தார். இரண்டு இடத்தில் கோடு விழுந்திருந்தது. குனிந்து விரலால் தடவினார்.

"இத்தை மறுபடி மிதிங்க" என்றார். "பதினாறும் உங்களுக்கேதான். இந்த சீசன் பாப்போம்."

மொபெட்வரை போனவர், கையைக் காட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "என் வீட்டம்மாவுக்குக் கழுத்துல இந்த மாதிரி இருக்குதுப்பா. நாலு வருஷமா எந்தக் கல்யாணத்துக்கும் வர்றதில்ல. அந்த டாக்டரம்மா என்னைக்கு உக்காருவாங்க?" என்றார்.

"புதன்கிழமைங்க. சீட்டு வாங்க ஏழு மணிக்கே போயிடணும்."

அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். நான் திரும்பி வந்து பாத்தியில் இறங்கினேன். "இன்னாடா சொன்னான்?" என்று மாமா கேட்டார். "ஒண்ணு" என்றேன். அவர் காலை எடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பாத்தி மிதித்து முடித்தோம். அடுத்த நாலு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள்தான் முறைவைத்து எண்ணினார்கள்.